அங்கணத் தண்ணீருக்கு என்ன விலை?

நமது சங்கத்தின் சென்ற செயற்குழுவில் ஒரு கோரிக்கை மனு வாசிக்கப்பட்டது. விருதுநகருக்குக் கிழக்கே 300 வீடுகள் உள்ள ஒரு கிராமத்தில், வீடுகளிலிருந்து வெளியே போகும் குளியல் தண்ணீர், துவையல் தண்ணீர், பாத்திரம் கழுவும் தண்ணீர் அத்தனையையும் ஊர்க் கோடியில் ஒரு தொட்டியில் சேர்த்து, சுத்தம் செய்து, விவசாயத்துக்கு விற்கப் போகிறார்களாம். அரசுத் திட்டத்தில் வரக்கூடியது போக மீதி 6 லட்சம் ரூபாயை வணிகர்கள் நன்கொடையாகத் தந்தால், பின்னால் வருகிற வருமானத்தில் ஊருக்கு நல்ல காரியங்கள் நடக்கும் என்பது மனுவின் சாரம். கொடுக்கலாம் என்று சிலரும், இது அரசாங்கத்தின் வேலை, நமக்கு எதற்கு என்று சிலரும் பேசியதால் முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. நாங்கள் இரண்டு பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த செயலாளர், “நீங்கள் இதில் ஒரு தரம் கை சுட்டவர்கள் ஆயிற்றே, எழுதித் தாருங்கள்” என்றார். அதனால் இதை எழுதுகிறோம்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுவோம். அதிகாரிகள் இதைச் சாம்பல் நிறக் கழிவுநீர் என்று எழுதுகிறார்கள். நம் வீடுகளில் இதற்கு அங்கணத் தண்ணீர் என்றுதான் பெயர். கழிவறைத் தண்ணீர் இதில் சேராது. அது வேறு, அதற்குக் குழி வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு, சுகாதாரம் இரண்டும் கெட்டுப்போகும். இந்தக் கட்டுரை முழுவதும் நாம் பேசுவது அங்கணத் தண்ணீரை மட்டும்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது. தெருக்குழாயிலும் கிணற்றிலும் குடம் குடமாகச் சுமந்து வந்த தண்ணீரைச் சிந்துவதற்கு மனசு வராது. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுத் தொட்டிக்கும், பாத்திரம் கழுவியது வாழை மூட்டுக்கும் போகும். வீட்டுக்குள் குழாய் வந்த பிறகுதான் வாசலில் சாக்கடை வந்தது. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது நாட்டில் 3 கோடியே 23 லட்சம் கிராம வீடுகளில்தான் குழாய் இணைப்பு இருந்தது. 2025-ல் அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. நல்ல காரியம்தான், பெண்களின் இடுப்புக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் தண்ணீரை உள்ளே கொண்டுவர எவ்வளவு யோசித்தார்களோ, அதில் பாதிகூட அது எந்த வழியாக வெளியே போகும் என்று யோசிக்கவில்லை.

அதன் விளைவை நம் கிராமத்துச் சில்லறை வியாபாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். எங்களிடம் முப்பது வருஷமாகச் சரக்கு எடுக்கும் ஒருவர் கடை, அந்த ஊரில் பள்ளத்துத் தெரு ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது. மேலத் தெரு குளிக்கிற தண்ணீர் அவர் கடை வாசலில் வந்து நிற்கும். கீழே அடுக்கிய அரிசி மூட்டையின் அடி ஈரம் கோத்துக் கட்டி பிடித்து, இரண்டு மூட்டையை மாட்டுத் தீவன விலைக்குத் தள்ளினார். கல்லைத் தாண்டிக் கல் வைத்துக் கடைக்கு வரும் ஜனம் எத்தனை நாள் வரும்? பஸ் ஏறி டவுனுக்குப் போய் மொத்தமாக வாங்கி வந்துவிடுகிறது. அவருடைய பாக்கி எங்கள் பேரேட்டில் ஏறிக்கொண்டே போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, நமக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில், அந்தத் தண்ணீர் ஏற்கெனவே நம் கணக்குப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது என்பதுதான். அவர் கடைக்கும் கீழே, பள்ளத்துத் தெருவில் குடியிருக்கும் நாற்பது குடும்பங்களின் கதையைச் சொல்லவே வேண்டாம். மேட்டில் இருப்பவன் குளிப்பதற்குப் பள்ளத்தில் இருப்பவன் வாசல் நாறுகிறது.

இனி மனுவில் உள்ள கணக்குக்கு வருவோம். காகிதத்தில் அது பிரமாதமான கணக்கு. வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 55 லிட்டர், ஆக 275 லிட்டர். வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் 65 முதல் 70 சதவிகிதம் அங்கணத் தண்ணீராக வெளியே போகிறது என்பது அரசுக் கையேடுகளிலும் காணப்படும் மதிப்பு. அப்படிப் பார்த்தால் வீட்டுக்கு நாள் ஒன்றுக்கு 190 லிட்டர் வரை. 300 வீட்டுக்கு 57,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று 1,500 ரூபாய் என்று போட்டு, தினம் ஐந்து லாரிக்குக் கொஞ்சம் குறைவு, நாளைக்கு 7,125 ரூபாய், வருஷத்துக்கு 26 லட்சம் என்று முடித்திருக்கிறார்கள். பெருக்கலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வியாபாரம் தெரிந்தவன் பெருக்குவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வாங்குகிறவன் யார்?

அந்த ஊரில் வாங்கக்கூடியவன் தோப்புக்காரன். அவனிடம் கிணறு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். கிணற்றில் தண்ணீர் உள்ளவரை சுவிட்சைத் தட்டினால் போதும், அவனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரின் விலை பூஜ்யம். பூஜ்யம் விலைக்குக் கிடைக்கிற சரக்குக்குப் போட்டியாக, சோப்பு வாடை அடிக்கிற சரக்கை லாரி 1,500 ரூபாய்க்கு விற்றுத் தரச் சொன்னால் நம்மில் எந்தப் பெரிய மண்டிக்காரராலும் முடியாது.

சரி, கிணறு வற்றினால் வாங்குவானே என்று கேட்கலாம். வாங்குவான். சித்திரை, வைகாசியில் தென்னையையும் எலுமிச்சையையும் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே இரண்டு மாதம்தான் ஊருக்குக் குடிநீரும் மூன்று நாளுக்கு ஒரு தரம், நான்கு நாளுக்கு ஒரு தரம் என்று ஆகிறது. ஜனங்கள் குளிப்பதைச் சுருக்கி, துவையலைத் தள்ளிப் போடுகிறார்கள். அங்கணத் தண்ணீர் பாதியாகக் குறைகிறது. அதாவது, கிராக்கி ஏறும்போது வரத்து விழுகிறது, வரத்து பொங்குகிற மழைக்காலத்தில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. வெங்காயத்துக்குக்கூட இப்படி ஒரு சாபம் கிடையாது, அதையாவது கொஞ்ச நாள் பட்டறையில் போட்டு வைக்கலாம். இதை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் நாற்றம் எடுத்துவிடும்.

ஆகவே எங்கள் கணக்கை இப்படிப் போட்டுப் பார்த்தோம். விற்கக்கூடிய நாள் 60. நாளைக்கு இரண்டு லாரி. குளித்த தண்ணீருக்கு நல்ல தண்ணீர் விலையை யாரும் தர மாட்டார்கள், லாரிக்கு 500 ரூபாய் என்று வைப்போம். மொத்த வரவு 60,000 ரூபாய். செலவில், வால்வு திருப்ப, சல்லடை கழுவ ஒரு ஆளை மாதம் 8,000 ரூபாய்க்கு வைத்தாலே வருஷம் 96,000. மோட்டாருக்கு மின் கட்டணம், ரிப்பேர், வருஷத்துக்கு ஒரு முறை மண்டி வாருவது இவையெல்லாம் தனி. எங்கள் அனுமானத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், லாரிக்கு 700 கிடைக்கிறது என்றே வைத்தாலும் கை நஷ்டம்தான். 26 லட்சம் எங்கே, இது எங்கே!

சென்னையில் நடக்கவில்லையா என்று கூட்டத்தில் ஒரு இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளைக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை நன்றாகச் சுத்தம் செய்து ஆலைகளுக்கு விற்கும் நிலையங்கள் வந்தன. அங்கே வாங்குகிறவன் தொழிற்சாலைக்காரன். அவனுக்கு வருஷம் முழுவதும் தண்ணீர் வேண்டும், தண்ணீர் நின்றால் ஆலை நிற்கும், ஆகவே விலை கொடுப்பான். சரக்கும் கோடிக் கணக்கான லிட்டர். இஸ்ரேல் நாட்டைச் சொல்லுவார்கள். அங்கே விவசாயிக்குத் தண்ணீருக்கு மீட்டர் உண்டு, பில் உண்டு. நம் கிராமத்தில் மேலே சொன்ன மூன்றும் இல்லை. டவுன் சரக்கைக் கிராமத்துக் கடையில் அடுக்கினால் தூசிதான் படியும்.

இதையெல்லாம் நாங்கள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2016-ல் எங்கள் பூர்வீக ஊரில், தகப்பனார் பெயரில் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் சேர்ந்து பணம் போட்டு, இதே மாதிரி ஒரு தொட்டி கட்டினோம். முதல் அறையில் மண்டி தங்கும், அடுத்து ஜல்லிப் படுகையில் கல்வாழை நட்டிருந்தோம், கடைசியில் ஒரு தொட்டி, ஒரு மோட்டார். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு, ஊருக்கே கேசரி கொடுத்தோம். கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தபோது அண்ணன் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

ஏழெட்டு மாதம் ஓடியது. பிறகு சல்லடை அடைக்க ஆரம்பித்தது. என்னவென்று போய்ப் பார்த்தால் ஷாம்பு பாக்கெட், பாக்குப் பாக்கெட், ஊறுகாய் பாக்கெட். எல்லாம் நாங்கள் சரம் சரமாக அந்த ஊர்க் கடைகளுக்கு அனுப்பிய சரக்கு. சின்னப் பாக்கெட் ஷாம்பு வியாபாரம் பிறந்ததே நமது கடலூரில்தான், அதனால் நாம் எல்லோரும் பிழைத்தோம், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சல்லடை முன்னால் நின்றபோது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டீக்கடை எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியில் படிந்தது. ஜல்லியை எடுத்துக் கழுவ வேண்டும். யார் கழுவுவது? ஊரில் எல்லோரும் ஒரே ஒரு தெருவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருப் பையன்கள் படித்தவர்கள், “உங்கள் வீட்டு அழுக்கை நீங்களே வாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. மூடிய தொட்டிக்குள் ஆளை இறக்குவதே உயிருக்கு ஆபத்து. சாக்கடைக் குழியிலும் மலக்குழியிலும் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. டவுனிலிருந்து எந்திரம் வரவழைத்தோம், அதற்கு நாங்களே கொடுத்தோம். மறு வருஷம் மோட்டார் காயில் எரிந்தது, அதற்கும் கொடுத்தோம். மூன்றாவது வருஷம் கொடுக்கவில்லை. இப்போது அது வேலிக்கருவைக்கு நடுவே இருக்கிறது. தகப்பனார் பெயர் எழுதிய கல்வெட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடோனில் வைத்திருக்கிறோம். போட்ட முதல் எவ்வளவு என்று இங்கே எழுத மனம் வரவில்லை.

அப்படியானால் அங்கணத் தண்ணீரில் காசே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது விற்பதில் இல்லை. இருந்த இடத்திலேயே செலவழித்து, பின்னால் வரும் செலவைத் தவிர்ப்பதில் இருக்கிறது. தண்ணீர் வீட்டு வாசலைத் தாண்டாத வரை அதற்குக் குழாய் வேண்டாம், மோட்டார் வேண்டாம், ஆள் வேண்டாம், வசூல் வேண்டாம். தாண்டிவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் செலவு.

அதே ஊரில் எங்கள் அண்ணன், தொட்டி போன வருத்தத்தில், தன் வீட்டுப் புழக்கடையில் ஒரு குழி போட்டார். அங்கணத்திலிருந்து வரும் குழாய் முதலில் ஒரு சின்ன சிமெண்டுத் தொட்டியில் விழும். சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு அதில் தங்கும், அண்ணி வாரம் ஒரு முறை வாளியில் மொண்டு எருக்குழியில் கொட்டுவார். அங்கிருந்து தண்ணீர் குழிக்குப் போகும். நாலடி நீளம், நாலடி அகலம், நடுவில் ஓட்டை போட்ட சிமெண்டு உறை, சுற்றிலும் உடைந்த செங்கல்லும் ஜல்லியும். மராட்டியத்தில் நாந்தேடு மாவட்டத்தில் தெம்புர்ணி போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு இந்த மாதிரிக் குழி போட்டுத் திறந்த சாக்கடையையே ஒழித்தார்கள். அங்கே அதற்கு மந்திரக் குழி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆனால் மந்திரம் எல்லா மண்ணிலும் பலிக்காது. அண்ணன் போட்ட முதல் குழி இரண்டு மாதத்தில் நிரம்பி வழிந்தது. எங்கள் ஊர் கரிசல். கோடையில் கை நுழைகிற மாதிரி வெடிக்கும், ஈரம் பட்டால் உப்பி, வாயை மூடிக்கொள்ளும். அடியில் சுக்கானோ சரளையோ எட்டுகிற வரை தோண்டினால் தண்ணீரைக் குடிக்கும். எட்டாவிட்டால் குழி என்பது மூடி போட்ட குட்டைதான். அண்ணன் வீட்டில் எட்டவில்லை. பிறகு வேறு வழி செய்தார். ஆழத்தை விட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் நீளமாக வாய்க்கால் மாதிரி எடுத்து, உடைந்த ஓடும் மணலும் நிரப்பி, இரண்டு பக்கமும் நாலு வாழை, ஒரு முருங்கை, கொஞ்சம் கருவேப்பிலை, ஆட்டுக்கு அகத்தி. மண் குடிக்க மறுத்ததை மரம் குடிக்கிறது. செவ்வல் மண்ணோ மணற்பாங்கோ உள்ள ஊருக்குக் குழியே போதும். சந்தேகம் இருந்தால் ஒரு முழம் தோண்டி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, காலையில் போய்ப் பார்த்தால் மண்ணே பதில் சொல்லிவிடும்.

இதற்குச் சிமெண்டு, குழாய், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து அண்ணனுக்கு ஆனது 6,000 ரூபாய். தோண்டியது அவர் பையன்கள். வாழைக்காய், இலை, முருங்கைக்காய், கீரை, ஆட்டுத் தழை என்று கூட்டிப் பார்த்தால் மாதம் 200, 250 ரூபாய் தேறும் என்று அண்ணி சொல்கிறார். அண்ணன் 400 என்கிறார். நாங்கள் அண்ணி கணக்கையே எடுத்துக் கொள்கிறோம். இரண்டரை வருஷத்தில் முதல் திரும்பிவிடும். நம் வியாபாரத்தில் இது பெரிய லாபம் இல்லைதான். ஆனால் தினச் செலவு என்று ஒரு பைசா கிடையாது. அது போக, அந்த வீட்டுத் தண்ணீர் தெருவுக்கு வருவது நின்றது. அந்த லாபம் அண்ணன் பேரேட்டில் ஏறாது, எதிர் வீட்டுக்காரர் பேரேட்டில் ஏறும். இதனால்தான் ஒவ்வொருவரும் தானாகச் செய்ய மாட்டார்கள், வெளியிலிருந்து பாதிச் செலவாவது யாராவது கொடுக்க வேண்டியிருக்கிறது. நன்கொடைக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

அரசு பணம் வைக்காமல் இல்லை. 2020-ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிகளில், 5,000 பேர் வரை உள்ள ஊருக்கு அங்கணத் தண்ணீருக்காகத் தலைக்கு 280 ரூபாய் வரை, அதற்கு மேல் மக்கள் உள்ள ஊருக்குத் தலைக்கு 660 ரூபாய் வரை என்று வைத்தார்கள். 1,500 பேர் உள்ள நமது மனு ஊருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். (ஒரு வேடிக்கை: சரியாக 5,000 பேர் உள்ள ஊருக்கு உச்சவரம்பு 14 லட்சம், அங்கே ஒரு குழந்தை பிறந்து 5,001 ஆனால் 33 லட்சம். இந்தக் கணக்கைப் போட்டவர் கடை வைத்தால் நாம் எல்லோரும் அவரிடமே கொள்முதல் செய்யலாம்.) இது தவிர, 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தியிருந்தது. கிராமத்து வேலைத் திட்டத்திலும் உறிஞ்சு குழிகள் தோண்டினார்கள். சில ஊரில் நன்றாக இருக்கின்றன. சில ஊரில் போட்டோ எடுத்த பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை, மண் மூடிவிட்டது. வீட்டுக்காரன் தன் கையிலிருந்து கொஞ்சமாவது போடாத குழியை அவன் தன்னுடைய குழியாக நினைப்பதில்லை என்பது நாங்கள் கண்டது.

எதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றால், குழிக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 300 வீட்டுக்கும் 6,000 என்றால் 18 லட்சம், தொட்டியைவிட அதிகம். மேலும் எல்லா வீட்டுக்கும் புழக்கடை இல்லை. அந்த ஊரில் விசாரித்த வரையில் 120 வீட்டுக்குத்தான் இடம் இருக்கிறது. அதற்கு 7 லட்சத்து 20 ஆயிரம். வீட்டுக்காரர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி 4 லட்சத்து 80 ஆயிரம். இடம் இல்லாத வீடுகளுக்கு நாலைந்து வீட்டுக்கு ஒன்றாகத் தெரு ஓரத்தில் பொதுக் குழி வேண்டும், அதை ஊராட்சிதான் செய்ய முடியும். அதில் முதல் குழி பள்ளத்துத் தெருவுக்கு மேலே, தண்ணீர் இறங்குகிற வாயில் வர வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. குடிதண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் எந்தக் குழியும் கூடாது.

கொசுவைப் பற்றி ஒரு திருத்தம். சாக்கடையை ஒழித்தால் டெங்கு ஒழியும் என்று மனுவில் எழுதியிருக்கிறார்கள். டெங்குக் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில், நம் கடைக்குப் பின்னால் கிடக்கிற டப்பாவிலும் டயரிலும் முட்டையிடுகிறது. சாக்கடையில் பெருகுவது வேறு கொசு, யானைக்கால் நோயைப் பரப்பும் ஜாதி. அது குறைந்தாலே பெரிய உபகாரம்தான். அதற்காக இல்லாததைச் சொல்லிப் பணம் கேட்கக் கூடாது.

கடைசியாக, நம் சரக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அண்ணன் வீட்டு வாழையில் ஒன்று இலை ஓரம் கருகி நின்றுவிட்டது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த வாழை அது. வேளாண்மை தெரிந்த ஒருவர் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன பவுடர் போட்டுத் துவைக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் கடையிலிருந்து போகிற மூட்டைப் பவுடர்தான். விலை மலிவான சலவைப் பவுடரில் சலவைச் சோடாவும் எடையைக் கூட்டுவதற்கான உப்பும் அதிகம். அதில் உள்ள சோடியம் மண்ணில் தங்கி, மண்ணை இறுக்கி, வேரை வாட்டும். கரிசல் மண் ஏற்கெனவே இறுக்கம், அதற்கு இது இன்னும் கேடு. மழை நன்றாகப் பெய்தால் ஓரளவு கழுவிக்கொண்டு போகும். நம் பக்கத்து மழையை நம்பி இதைச் சொல்ல முடியுமா?

மலிவுப் பவுடரை நிறுத்திவிடுவோம் என்று வீரமாகச் சொல்ல நாங்கள் தயாரில்லை. நாம் நிறுத்தினால் அடுத்த கடையில் வாங்குவார்கள். கூலிக்காரக் குடும்பம் பத்து ரூபாய்ப் பாக்கெட்டைத்தான் வாங்க முடியும். ஆனால் துவையலில் முதல் தண்ணீரைத் தனியாக விட்டு, அலசுகிற தண்ணீரை மட்டும் மரத்துக்கு விட்டால் பாதிக் கேடு குறையும். அண்ணி இப்போது அப்படித்தான் செய்கிறார். புது வாழை நன்றாக இருக்கிறது. இதைக் கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே வாடிக்கையாளருக்குச் சொல்லலாம், காசா பணமா? பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் செடிக்குப் போகிற தண்ணீரில் கலக்கக் கூடாது என்பதையும், பச்சையாகத் தின்கிற வெங்காயத்தாள், கொத்தமல்லி மாதிரியானவற்றுக்கு இந்தத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நம் மண்டியில் மூலையில் கிடக்கின்றன, அவற்றை முன் வரிசைக்குக் கொண்டுவருவதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கமிஷன் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான்.

நமது உறுப்பினர்களில் ஓட்டல், டீக்கடை, எண்ணெய்ப் பலகாரக் கடை வைத்திருப்பவர்கள் பலர். ஜல்லியையும் குழியையும் முதலில் அடைப்பது அவர்கள் ஊற்றும் எண்ணெய்ப் பிசுக்குதான். தெருவுக்கு விடுவதற்கு முன்னால் பிசுக்கு மேலே மிதந்து தங்குகிற மாதிரி ஒரு சின்னத் தொட்டி வைப்பது அவரவர் கடைச் செலவு. கிராமத்தாருக்குப் புத்தி சொல்லுவதற்கு முன்னால் சங்கக் கட்டிடத்துச் சமையற்கூடத்தில் அது இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை.

ஆகவே அடுத்த செயற்குழுவில் எங்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்பதை இப்போதே தெரிவித்துக் கொள்கிறோம். தொட்டிக்கும் மோட்டாருக்கும் 6 லட்சம் என்றால் வேண்டாம். புழக்கடை உள்ள 120 வீட்டுக்கு, வீட்டுக்காரர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியைச் சங்கமும் ஊராட்சியும் பிரித்துக் கொள்ளலாம் என்றால் சம்மதம். முதல் வருஷம் இருபது வீடு போதும். கரிசல் எவ்வளவு ஆழம் என்று பார்த்து, எது குழி, எது வாய்க்கால் என்று முடிவு செய்ய எங்கள் அண்ணன் தாமே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இருபது வீட்டுக்கு வேண்டிய சிமெண்டு உறையும் ஜல்லியும் எங்கள் கடைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எங்களுக்கு எதிராகப் பேச விரும்புகிறவர்கள் தங்கள் கணக்கை எழுதிக்கொண்டு வந்தால் பேச வசதியாக இருக்கும். சங்கக் கட்டிடத்துத் தொட்டிக்குக் கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார்.